பாராடாங் தீவில் ஒரு ஜீப் பயணம்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு நான்கு நாள் ஓய்வு கிடைத்தால் மனம் முதலில் நாடுவது சொந்த ஊரைத்தான். பொங்கல் வருகிறதென்றால் தில்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் தெற்கே புறப்படும் இரயில்களில் இடம் கிடைப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தில்லியில் வாழும் இரண்டு குடும்பத்தினராகிய நாங்கள் எண்மர் அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றினோம். பொங்கலைத் தில்லியிலேயே பொங்கி உண்டுவிட்டு அந்தமான் தீவுகளுக்குப் புறப்பட்டோம். அங்கே நாங்கள் கண்டவை பல. அவற்றுள் ஒரே ஒரு நாளின் பயணத்தை மட்டும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அந்தமான் நிக்கோபார்த் தொகுதியில் சிறியவும் பெரியவுமாக 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மக்கள் குடியிருப்பவை மிகச் சிலவே. தலைநகர் போர்ட் பிளேர்; 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்நகரின் கடைத்தெருவில் நடந்தால் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் ஒருங்கே காதில் விழும். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். ஆதலின், அயலூருக்குச் சென்றோம் என்ற எண்ணமே முதல் இரண்டு நாட்களில் எங்களுக்கு எழவில்லை. இட்டிலிக் கடையும் இருந்தது. முருகன் கோயிலும் இருந்தது.

மூன்றாம் நாள் பாராடாங் தீவைக் காணச் செல்வதென்று முடிவு செய்தோம். சுண்ணாம்புக்கல் குகைகளும் சேற்று எரிமலையும் அங்கே உள்ளன. எங்களுக்கு அமைந்த ஜீப் ஓட்டுநர் அறுபது வயதைத் தொட்ட தமிழர். அவருடைய தந்தையார் இளமையில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கூலிவேலைக்குக் கப்பலேறி வந்தவராம். “ஐயா, விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் வாசலில் வண்டி நிற்கும். குழந்தைகளை எழுப்பி வையுங்கள். கதவு ஆறு மணிக்குத் திறக்கும், அதைத் தவறவிட்டால் அடுத்தது ஒன்பது மணிக்குத்தான்” என்று முதல் நாள் மாலையே எச்சரித்துச் சென்றார். எந்தக் கதவு என்று அப்பொழுது எங்களுக்கு விளங்கவில்லை.

இருள் பிரியாத நேரத்தில் புறப்பட்ட எங்கள் ஜீப், ஐந்து மணிக்கு முன்பே ஜிர்காடாங் என்னும் இடத்தை அடைந்து நின்றது. எங்களுக்கு முன்னால் பேருந்துகளும் கார்களும் சரக்கு வண்டிகளுமாக நெடிய வரிசை. சாலையோரத் தேநீர்க் கடைகளில் விளக்கெரிந்தது. தில்லியில் ஏழு மணிக்கும் மூடுபனிக்குள் மறைந்து கிடக்கும் ஜனவரிக் கதிரவன், அங்கே ஆறு மணிக்கு முன்பே முகம் காட்டிவிட்டான். ஓட்டுநர் எங்கள் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் எழுதிய தாளைக் காவற்சாவடியில் கொடுத்துத் திரும்பினார். அவர் சுட்டிக்காட்டிய இடத்தில், சாலையின் குறுக்கே அடைத்து நின்றது அந்தக் கதவு. அதற்கு அப்பால் இருப்பது ஜாரவாப் பழங்குடி மக்களின் காப்புக்காடு.

காவலர்கள் விதிகளை எடுத்துரைத்தனர். வண்டிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லவேண்டும், ஒன்றையொன்று முந்தலாகாது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது, வழியில் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, காட்டில் எவரையேனும் காண நேர்ந்தால் உணவோ உடையோ கொடுக்கலாகாது. முன்னும் பின்னும் காவல் துணை வர, வண்டிகள் தொடராகப் புறப்படும். ‘கான்வாய்’ என்று அங்குள்ளோர் யாவரும் வழங்கும் அதனை நாம் வண்டித் தொடர் என்று சொல்லிக்கொள்ளலாம். நாள்தோறும் இவ்வாறு நான்கு முறை மட்டுமே கதவு திறக்கப்படுகிறது.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்று எங்களுடன் வந்த சிறுமி கேட்டாள். அதற்கு விடை சொல்வதற்கு, அந்தச் சாலையின் கதையைச் சொல்லவேண்டும்.

அந்தமான் காடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேனெடுத்தும் வாழ்ந்து வருபவர்கள் ஜாரவா மக்கள். 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தண்டனைக் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய நாள்தொட்டு வெளியாரின் எல்லை விரிய விரிய, இம்மக்களின் காடு சுருங்கியது. அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு வெளியாரை எதிர்த்தே வாழ்ந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1956-ஆம் ஆண்டில் பழங்குடியினர் பாதுகாப்புக்கென்று தனி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜாரவாக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 1,028 சதுர கிலோமீட்டர். ஆனால் 1970-களில் அக்காட்டை ஊடறுத்துக்கொண்டு, தெற்கு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கும் நெடுஞ்சாலை போடும் வேலை நடந்தது. சாலை போட்டவர்கள்மேல் அம்புகள் பாய்ந்தன. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. சாலை நின்றுவிடவில்லை.

1997-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு, கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவரைக் குடியேறியோர் கண்டெடுக்க, போர்ட் பிளேர் மருத்துவமனையில் பல மாதங்கள் அவருக்குச் சிகிச்சை நடந்தது. குணமடைந்து காடு திரும்பிய அவரைத் தொடர்ந்து, ஜாரவா மக்கள் ஆயுதமின்றிக் குடியிருப்புகளின் பக்கம் வரத் தொடங்கினர். பகை தணிந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 1999-ஆம் ஆண்டில் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் உடல் நெடுங்காலமாகப் பழகித் தாங்கிக்கொண்ட நோய்கள் அவர்களுக்குப் புதியவை. நம்முடைய தும்மலும் அவர்களுக்கு ஆபத்து என்பதைச் சிறுமிக்கு நாங்கள் இவ்வளவில் விளக்கினோம். அதற்குள் கதவு திறந்தது.

ஜிர்காடாங்கிலிருந்து நடு நீரிணை வரை சுமார் 50 கிலோமீட்டர். இருபுறமும் வானை மறைத்து நிற்கும் மழைக்காடு. கர்ஜன் மரங்கள் கிளையே இல்லாமல் நெடுந்தூரம் உயர்ந்து, உச்சியில் மட்டும் குடை விரித்திருந்தன. செந்நிற வைரம் பாய்ந்த படாக் மரங்களை ஓட்டுநர் காட்டினார். கொடிகள் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருந்தன. பழுதுபட்ட இடங்களில் ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்கியது. பேச்சு தானாகவே அடங்கிவிட்டது.

அரைமணி நேரம் சென்றிருக்கும். வளைவொன்றைத் திரும்புகையில் முன்வண்டி சற்றுத் தயங்கியது. சாலையின் விளிம்பில் மூவர் நின்றிருந்தனர்: ஓர் இளம்பெண், இரண்டு சிறுவர்கள். சிறுவன் ஒருவன் கையில் வில் இருந்தது. எங்கள் முன்வண்டியின் சன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. அதில் ரொட்டிப் பொட்டலம். எங்கள் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். கை உள்ளே சென்றது. அந்த ஒரு கணத்தில் எங்கள் வண்டிக்குள்ளும் ஒன்று நிகழ்ந்தது. அதனை மறைப்பதில் பயனில்லை. எங்களுள் ஒருவருடைய கை, அவரை அறியாமலேயே கைப்பேசியை நோக்கிச் சென்றது.

ஓட்டுநர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். சினக்கவில்லை. “வேண்டாங்க ஐயா. இது அவங்க வீட்டு முற்றம். வழி இல்லாததால் நாம முற்றத்துக்குள்ள பூந்து போறோம். அடுத்த வீட்டுக்குள்ள போறப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தானே போகணும்?” என்றார். கைப்பேசி பைக்குள் சென்றது. நாங்கள் தலை குனிந்துகொண்டோம். வழிகாட்டி என்பவன் ‘இங்கே பாருங்கள், அங்கே பாருங்கள்’ என்று சொல்பவன் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். எங்கே பார்க்கக்கூடாது என்று சொல்லித்தந்த வழிகாட்டியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

நீண்ட அந்தக் கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில், காப்புக்காட்டுக்குள் செல்லும் பகுதிகளில் இந்தச் சாலையை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காட்சியொன்றைப் பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்று வெளியிட, நாடே தலைகுனிந்தது. மறு ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளை இச்சாலையில் விடக்கூடாதென்று தடை விதித்தது. மார்ச் மாதத்தில் அத்தடை நீங்கியது. கட்டுப்பாடுகள் இறுகின. எனினும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கை நீளக்கூடும். ஒரு கைப்பேசி எழக்கூடும். சட்டம் வண்டிக்குள் ஏறி உட்கார முடியாது. உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான்.

நடு நீரிணையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மிதவைக் கலத்தில் ஏறி மறுகரையிலுள்ள நீலாம்பூர்த் துறையை அடைந்தோம். அதுவே பாராடாங். அங்கிருந்து விசைப்படகு ஒன்று எங்களைச் சதுப்புநிலக் காட்டுக்குள் அழைத்துச் சென்றது. முதலில் அகன்ற நீர்ப்பரப்பு. பிறகு ஓடை குறுகிக் குறுகி, இருபுறத்து மரங்களும் தலைக்குமேல் கைகோத்து நிற்கும் பசுமையான சுரங்கம். வேர்கள் கால்களைப்போல் நீரில் ஊன்றி நின்றன. ‘நீரில் கை வைக்காதீர்கள், உவர்நீர் முதலை உண்டு’ என்று படகோட்டி சொன்னதும், பிள்ளைகள் கைகளை மடியில் கட்டிக்கொண்டார்கள். மரப்பாலத் துறையில் இறங்கி, சிற்றூரின் வயல் வரப்புகளிலும் மரநிழலிலும் அரைமணி நேரம் நடந்தால் குகை வருகிறது.

குகையின் அமைப்பு எளிய வேதியியல். முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்த சிப்பிகளும் பவளங்களும் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. புவியின் அசைவால் மேலெழுந்தன. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிக்கிறது. கரைந்த சுண்ணாம்பு, கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியிலும் ஓர் அணுவளவு படிகிறது. கூரையிலிருந்து விழுதுகளும் தரையிலிருந்து கூம்புகளும் வளர்கின்றன. விரலளவு வளர்வதற்கே பல தலைமுறைகள் ஆகலாம். வழிகாட்டி விளக்கொளியைத் திருப்பத் திருப்ப யானையின் துதிக்கையும் தாமரை மொட்டும் தோன்றி மறைந்தன. “தொடாதீர்கள்” என்று அவர் மீண்டும் மீண்டும் சொன்னார். நம் விரலிலுள்ள எண்ணெய்ப்பசை பட்டால் அவ்விடத்தில் சுண்ணாம்பு படிவது தடைப்படும், வளர்ச்சி நின்றுவிடும். முன்பு வந்தவர்கள் தொட்ட இடங்கள் கறுத்துப்போயிருந்ததையும் காட்டினார். அன்பினால் தொட்டாலும் கறுக்கும். ஆர்வத்தினால் தொட்டாலும் கறுக்கும்.

துறைக்குத் திரும்பியதும், சேற்று எரிமலைக்குச் செல்ல உள்ளூர் ஜீப் ஒன்றை அமர்த்திக்கொண்டோம். இதன் ஓட்டுநர் இருபத்தைந்து வயது இளைஞர். சோட்டாநாகபுரி மேட்டுநிலத்திலிருந்து காடு வெட்டும் வேலைக்காக ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். தீவில் அவர்களை ‘ராஞ்சிகள்’ என்றே சொல்கிறார்கள். பாதை என்பது பெயரளவில்தான். முந்திய நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னிருக்கைக்காரர்கள் முன்னிருக்கையில் விழுந்தார்கள். பிள்ளைகளுக்கு அதுவே நாளின் சிறந்த விளையாட்டு. இளைஞரோ ஒரு கையால் சுக்கானைத் திருப்பிக்கொண்டே தம் குடும்பக் கதையைச் சொல்லி வந்தார். தாத்தா காடு வெட்டினார். தந்தை மரம் இழுக்கும் யானைகளோடு வேலை செய்தார். மரம் வெட்டுவது குறைந்தபின் தாம் ஜீப் ஓட்டுகிறார். வண்டித் தொடர் வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்றார்.

சிறிது தூரம் ஏறி நடந்தால் வேலி கட்டிய ஒரு திடல். எரிமலை என்றதும் தீயையும் புகையையும் எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். சாம்பல் நிறச் சேறு. நடுவில் சிறு சிறு வாய்கள். அவற்றில் கேழ்வரகுக் களி கிண்டும்போது எழுவதைப்போல் குமிழிகள் மெல்ல எழுந்து ‘பொத்’தென்று உடைகின்றன. ஆனால் சேறு சுடுவதில்லை. ஆழத்தில் புதைந்த உயிர்ப்பொருள்கள் மக்கி உண்டாகும் வாயுக்கள், பெரும்பாலும் மீத்தேன், நீரையும் களிமண்ணையும் மேலே தள்ளிக்கொண்டு வருகின்றன. இந்தியப் புவித்தட்டு பர்மியத் தட்டின் அடியில் நுழையும் விளிம்பில் இத்தீவுகள் அமைந்திருப்பதே இதற்கெல்லாம் அடிப்படை. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த பெருநிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தமிழ்க் கடற்கரை மறந்திருக்காது. அதன் பின்னர், 2005-இல் இந்தச் சேற்று வாய் பெருஞ்சீற்றத்தோடு பொங்கியது. நாங்கள் திரும்பி வந்த பின்பு, 2025 அக்டோபரிலும் பொங்கியது. வேலியைத் தாண்டாதீர்கள் என்று அங்கும் ஒரு பலகை இருந்தது.

காட்டில் ‘நிறுத்தாதே’, குகையில் ‘தொடாதே’, திடலில் ‘தாண்டாதே’. ஒரு நாளின் பயணத்தில் மூன்று விலக்குகள். பிற்பகல் வண்டித் தொடரில் திரும்புகையில் எங்கள் பேச்சு இவற்றைச் சுற்றியே இருந்தது. எரிமலைக்கு வேலி நம்மைக் காப்பதற்காக. குகைக்கு விலக்கு கல்லைக் காப்பதற்காக. காட்டுச் சாலைக்கு விலக்கு மனிதர்களைக் காப்பதற்காக. மூன்றாவதே எளிதில் மீறப்படுகிறது என்பதை அன்று காலை எங்கள் வண்டிக்குள்ளேயே கண்டோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களை ஒரு சொல் அன்று நெடுநேரம் தொடர்ந்து வந்தது. ‘ஜாரவா’ என்பது அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அன்று. அண்டையில் வாழ்ந்த வேறொரு பழங்குடியினர் தம் மொழியில் அவர்களை ‘அயலார்’ என்ற பொருளில் அழைத்த சொல் அது. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்கிறார்கள். மக்கள் என்பது அதன் பொருள். தம் சொந்தக் காட்டிலேயே அவர்கள் அயலார். அக்காட்டை அறுத்துச் செல்லும் நாம் சாலைக்கு உரியவர்கள்! அவர்களுக்கு அப்பெயரைச் சூட்டிய அண்டையாரின் நிலை என்ன? பெரிய அந்தமானியர் என்று சொல்லப்படும் அப்பழங்குடியினர் 1858-இல் சில ஆயிரம் பேர் இருந்தனர். போரும் நோயும் கொண்டுபோக, 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் எஞ்சியவர்கள் 44 பேர். அவர்களுடைய பல மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவருடைய குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். குரல் இருக்கிறது, மறுமொழி சொல்வதற்குத்தான் ஆளில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தத் துயரத்தின் ஓரம் ஓரளவு தெரியும். நம் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு இந்தியில் விடை சொல்லும்போது நம் நெஞ்சு சற்றே கனக்கிறது. ஆயினும் நமக்குப் பின்னால் பல கோடிப் பேர் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறை ஊரில் கழித்தால் பிள்ளையின் நாவில் தமிழ் திரும்பிவிடும். ஆங் மக்களுக்குப் பின்னால் அந்தக் காடு ஒன்றே இருக்கிறது. 2001-இல் 240 என்று எண்ணப்பட்ட அவர்கள் தொகை 2011-இல் 380 ஆயிற்று என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தி. இயன்றவரை அவர்களை அவர்கள் போக்கில் வாழவிடுவது என்று 2004-இல் அரசு வகுத்த கொள்கைக்கும் அதில் பங்குண்டு எனலாம்.

அப்படியாயின் சாலையை மூடிவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வடக்கே வாழும் குடியேறியோருக்கு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அதுவே வழியாக இருக்கிறது; கடல்வழி உண்டெனினும் நேரம் மிகுதி. சேற்றில் எங்களை ஏற்றிச் சென்ற இளைஞரின் அடுப்பும் அச்சாலையையே நம்பியிருக்கிறது. இருப்பினும், நோயாளியையும் மாணவரையும் ஏற்றிவரும் பேருந்தும், வேடிக்கை பார்க்க வந்த எங்கள் ஜீப்பும் ஒரே நிறையுடையவை அல்ல என்பதை நாங்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். மீண்டும் ஒருமுறை பாராடாங் செல்வதாயின், எவ்வளவு நேரமானாலும் கடல்வழியே செல்வது என்று அன்றிரவே உறுதி செய்துகொண்டோம்.

நேயர்களுள் பலர் அந்தமானுக்குச் செல்லக்கூடும், செல்லவும் வேண்டும். சிறைக்கூடத்தைக் காணுங்கள், கடலைக் காணுங்கள், குகையைக் காணுங்கள். காட்டுச் சாலையில் செல்ல நேர்ந்தால் மட்டும் அந்த முதிய ஓட்டுநரின் சொல்லை நினைவில் கொள்ளுங்கள்.

ஜிர்காடாங் கதவு எங்களுக்குப் பின்னால் அடைபட்டபோது, அதுவரை பேசாதிருந்த சிறுமி ஒன்று கேட்டாள்: “நம்மைப் பார்த்தார்களே, அவர்கள் வீட்டுக்குப் போய் நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்?” எங்களுள் எவரும் உடனே விடை சொல்லவில்லை. “இன்றைக்கு ஒரு வண்டி நிற்காமல் போயிற்று என்று சொல்லியிருப்பாங்க, பாப்பா” என்றார் ஓட்டுநர்.